முதுகில் வளரும் குழந்தை, தொட்டிலில் வளரும் குழந்தை

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் சேர்க்கை முடிந்து, ஒன்றாம் வகுப்பில் புதிய முகங்கள் வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் இது. இந்தச் சில வாரங்களில் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியங்கள் உங்களுக்குத் தெரியும். "இவனுக்குப் பேச்சே வரல." "கேட்டா முகத்தையே பார்க்க மாட்டேங்குறா." "வீட்ல வளர்ப்பு சரியில்ல." குழந்தை மீதுள்ள அக்கறையில்தான் இப்படிச் சொல்கிறோம். ஆனால் 'சரியான வளர்ப்பு' என்றால் என்ன? அதை யார் முடிவு செய்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, உலகின் சில ஊர்களில் கைக்குழந்தைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று இன்று பார்க்கலாம் என நினைக்கிறேன். நான் சமூக அறிவியல் ஆசிரியர். ஆகவே கொஞ்சம் ஊர் சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எட். படித்த எல்லோருக்கும் பியாஜேவைத் தெரியும். குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதியவை பெரும்பாலும் அவருடைய மூன்று குழந்தைகளை அவரே உற்றுநோக்கி எழுதிய குறிப்புகளிலிருந்து வந்தவை. சுவிட்சர்லாந்தில், படித்த குடும்பத்தில் பிறந்த மூன்று குழந்தைகள். அவருடைய அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குழந்தை வளர்ச்சி பற்றிய நம் பாடநூல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தைகளைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கென்யாவுக்குப் போவோம். அந்நாட்டின் தென்மேற்கு மலைப்பகுதியில் குசீ என்ற வேளாண் மக்கள் வாழ்கிறார்கள். ராபர்ட் லெவைன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950களில் அங்கே தங்கி ஆய்வு செய்தார். 1970களில் மீண்டும் சென்று, அங்குள்ள கைக்குழந்தைகளை பாஸ்டன் நகரக் குழந்தைகளுடன் ஒப்பிட்டார்.

குசீ தாய் குழந்தையை எப்போதும் உடலோடு ஒட்டியே வைத்திருப்பாள். இரவில் பக்கத்திலேயே படுக்க வைப்பாள். அழத் தொடங்கியதும் பால் கொடுப்பாள் அல்லது தூக்கி ஆட்டுவாள். ஆனால் குழந்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கொஞ்சுவது குறைவு. அதனுடன் பேசுவதும் குறைவு. பாஸ்டன் தாயோ குழந்தையுடன் ஓயாமல் பேசுவாள், சிரிக்க வைப்பாள், பொம்மையைக் காட்டுவாள், குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மேலும் பேசுவாள். அமெரிக்கத் தாய்மார்களின் படக்காட்சிகளை குசீ தாய்மாருக்குப் போட்டுக் காட்டியபோது அவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. குழந்தை அழுகிறது, இந்த அம்மா ஏன் உடனே தூக்கவில்லை என்பதே அவர்களுடைய கவலை.

இதற்கு லெவைன் தரும் விளக்கம் ஆசிரியர்களுக்குப் பயன்படும். குழந்தை இறப்பு அதிகமாக இருந்த சமூகத்தில் பெற்றோரின் முதல் கவலை குழந்தை பிழைப்பது. ஆகவே உடலோடு அணைத்து வைப்பதும் அடிக்கடி பால் கொடுப்பதும் அழுகையை உடனே அடக்குவதும் அங்கே நல்ல வளர்ப்பு. வளர்ந்தபின் அந்தக் குழந்தை பெரியவர்களுக்கு அடங்கி, வயலிலும் வீட்டிலும் வேலை செய்ய வேண்டும். எனவே தன்னை முன்னிறுத்திக்கொள்ளாத பிள்ளையே நல்ல பிள்ளை. பாஸ்டனில் குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குழந்தை நாளை பள்ளியிலும் அலுவலகத்திலும் பேசிப் போட்டியிட வேண்டும். ஆகவே பேச்சும் பாராட்டும் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகின்றன. இரண்டு தாய்மாரும் தம் குழந்தைக்கு நல்லதையே செய்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைகள் சென்று சேர வேண்டிய இடங்கள் வேறுவேறு.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குவாத்தமாலா நாட்டின் மாயா குடும்பங்கள் 14ஐயும் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் 18ஐயும் ஒப்பிட்டது. மாயா குழந்தைகள் எல்லாருமே தாயின் படுக்கையில் தூங்கினார்கள். அமெரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் தனி அறைக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட மாயா தாய்மார்கள் அதிர்ந்து, அந்தக் குழந்தைகளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அமெரிக்கப் பெற்றோரோ, தனியே தூங்கப் பழகினால்தான் குழந்தை தன் காலில் நிற்கும் என்று நம்பினார்கள். ஜப்பானில் ஆறு என்பதைக் குறிக்கும் எழுத்து மூன்று நெடுங்கோடுகளால் ஆனது. அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்று படுத்துறங்குவதை அந்த எழுத்தின் பெயராலேயே சொல்வார்கள். நெதர்லாந்தில் ஓய்வு, தூய்மை, ஒழுங்கு ஆகிய மூன்றும் குழந்தை வளர்ப்பின் பழைய விதிகள். பின்லாந்து உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலத்திலும் குழந்தையை நன்றாகப் போர்த்தித் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, வீட்டுக்கு வெளியே தூங்க விடுவது சாதாரண வழக்கம். தூளியில் ஆடித் தூங்கிய நமக்கு இது புதுமையாகத் தெரியும். அவர்களுக்கு நம் தூளியும் அப்படித்தான் தெரியும்.

பேச்சில் வேறுபாடு இன்னும் பெரிது. பப்புவா நியூ கினியில் கலுலி என்ற மக்களிடையே பாம்பி ஷீஃபலின் 1970களில் ஆய்வு செய்தார். கைக்குழந்தைக்கு எதுவும் புரியாது என்பது கலுலி மக்களின் கருத்து. அதனால் தாய் குழந்தையிடம் பேசிக்கொண்டிருப்பதில்லை. மாறாக, குழந்தையை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் குழந்தையின் சார்பில் கீச்சுக்குரலில் தானே பேசுவாள். குழந்தை 'அம்மா', 'முலை' என்ற இரண்டு சொற்களைச் சொன்னபிறகுதான் பேச்சு வந்துவிட்டதாகக் கொள்வார்கள். அதன்பின் 'இப்படிச் சொல்' என்று சொல்லிச் சொல்லிப் பழக்குவார்கள்.

இதற்கு நேர் எதிராக இருப்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் பெங் மக்கள். ஆல்மா காட்லீப் என்பவர் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தை, முன்னோர்கள் வாழும் உலகிலிருந்து திரும்பி வருகிறது என்பது பெங் மக்களின் நம்பிக்கை. அந்த உலகில் எல்லா மொழிகளும் பேசப்படுவதால், பிறந்த குழந்தைக்கு எல்லா மொழிகளும் தெரியும். நாளாக நாளாக மற்றவற்றை மறந்து பெங் மொழியை மட்டும் வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். அதனால் கைக்குழந்தையிடம் பெரியவரிடம் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். கலுலி குழந்தையும் பெங் குழந்தையும் தாய்மொழியைச் சரளமாகப் பேசித்தான் வளர்கிறார்கள்.

இனி நடை. அங்கன்வாடிச் சுவரில் இருக்கும் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். இத்தனையாவது மாதத்தில் உட்காரும், இத்தனையாவது மாதத்தில் நடக்கும் என்று இருக்கும். அட்டவணை தேவைதான், உண்மையான குறைபாட்டை முன்கூட்டியே கண்டுபிடிக்க அது உதவுகிறது. ஆனால் அந்த மாதக்கணக்கும் வளர்ப்பைப் பொறுத்து நகரும். கென்யாவில் கிப்சிகிஸ் என்ற மக்கள் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள். தரையில் சிறு குழி தோண்டி, சுற்றிலும் துணியை அண்டக் கொடுத்து உட்கார வைப்பார்கள். 1976இல் சார்லஸ் சூப்பர் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து நடந்தார்கள். ஆனால் தவழ்வதில் அப்படி முந்தவில்லை. எதைப் பழக்கினார்களோ அது மட்டும் முன்னால் வந்தது.

தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டுக் காடுகளில் வேட்டையாடி, உணவு தேடி வாழ்ந்த ஆச்சே மக்களிடம் நிலைமை வேறு. காட்டுத் தரையில் பாம்பும் பூச்சியும் முள்ளும் உண்டு. அதனால் குழந்தையைத் தாய் கீழே விடுவதே அரிது. அந்தக் குழந்தைகள் நடக்கத் தொடங்க இரண்டு வயதை நெருங்கிவிடும். நம் அட்டவணையை வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் சிவப்புக் குறிதான். அதே குழந்தைகள் எட்டு, பத்து வயதில் உயரமான மரங்களில் ஏறி இறங்குகிறார்கள். தஜிகிஸ்தானில் 'கஹ்வோரா' என்ற மரத்தொட்டிலில் குழந்தையின் கைகால்களைத் துணிப் பட்டைகளால் கட்டி, நாளின் பல மணி நேரம் படுக்க வைப்பது பழைய வழக்கம். அங்கே குழந்தைகள் நடப்பது சற்றுத் தாமதமாகிறது. ஆனால் நான்கைந்து வயதில் ஓட்டத்திலும் தாவலிலும் மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை.

குழந்தையை யார் வளர்க்கிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் அக்கா மக்களின் தந்தையர் நாளில் 47 சதவீத நேரம் குழந்தையைக் கையில் வைத்திருக்கிறார்கள் அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்று பாரி ஹ்யூலெட் கணக்கிட்டார். கொங்கோவின் எஃபே மக்களிடம் ஒரு பச்சிளங்குழந்தை பல பெண்களின் கைகளுக்கு மாறி மாறிச் செல்லும். தாயல்லாத பெண்களும் பால் கொடுப்பார்கள். குசீ மக்களிடம் தாய் வயலுக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அக்காதான். அக்காவுக்கே வயது ஆறோ எட்டோ இருக்கும். அந்தப் பொறுப்புக்கு அவர்கள் மொழியில் தனிப்பெயர் உண்டு.

இங்கே உங்களில் யாராவது எழுந்து, "அப்படியானால் எல்லா வழக்கமும் சரிதானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளில், நம் ஊரிலும்கூட, சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இருந்தது. அது குழந்தைக்கு முதல் நோய்த்தடுப்பு என்று இன்று தெரியும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தையோடு ஒரே மெத்தையில் படுப்பதில் மூச்சுத்திணறல் அபாயம் இருப்பதால், ஒரே அறையில் தனிப் படுக்கை போதும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. உயிரையும் உடலையும் பற்றிய இத்தகைய விஷயங்களில் மருத்துவத்தின் சொல்லைக் கேட்கத்தான் வேண்டும்.

வழக்கத்தை இழிவுபடுத்தாமலே இதைச் செய்ய முடியும். பின்லாந்தில் 1930களில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 65 அளவில் இருந்தது. 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கு அரசு ஒரு பெட்டியில் துணிமணி, போர்வை போன்றவற்றை வைத்துக் கொடுத்தது. 1949இல் அது எல்லாத் தாய்மார்களுக்கும் என்று ஆனது. நிபந்தனை ஒன்றுதான்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். அந்தப் பெட்டியே பல குழந்தைகளுக்கு முதல் படுக்கை ஆனது. நம் மாநிலத்திலும் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் 2015இல் தொடங்கியதை அறிவீர்கள்.

சரி, எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக வேண்டியது என்ன? இதற்கு ருமேனியாவிலிருந்து துயரமான ஒரு பதில் கிடைத்தது. 1989இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தது உலகுக்குத் தெரியவந்தது. உணவு கிடைத்தது, கூரை இருந்தது. ஆனால் ஒரு பணியாளருக்குப் பல குழந்தைகள். அழுதால் வருவதற்கு ஆளில்லை. 2000இல் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்கள் அறிவு வளர்ச்சியிலும் உறவாடுவதிலும் விடுதிக் குழந்தைகளைவிட முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குச் சென்றவர்களின் முன்னேற்றம் இன்னும் கூடுதல். முதுகில் கட்டினாலும் தொட்டிலில் கட்டினாலும், பேசினாலும் பேசாவிட்டாலும், குசீ, மாயா, பெங், தஜிக் குழந்தைகள் எல்லாருக்கும் இருந்த ஒன்று இந்தக் குழந்தைகளுக்கு இல்லை. அழுதால் வருவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. நான் படித்தவற்றிலிருந்து எனக்குத் தெளிவானது இது. வளர்க்கும் முறைகள் பல. வளர்க்க ஆள் இல்லாமல் போவதுதான் கேடு.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். ஐந்து ஆண்டுகள் ஒருவிதமாக வளர்ந்த குழந்தையைத்தான் நம் கையில் கொடுக்கிறார்கள். ஷெர்லி பிரைஸ் ஹீத் என்பவர் அமெரிக்காவின் தென்கிழக்கில், ஆலைத் தொழிலாளர்களான கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில் பல ஆண்டுகள் பழகி, 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் குழந்தைகள் வீட்டில் நன்றாகப் பேசினார்கள். பள்ளியில் வாய் திறக்கவில்லை. காரணம், ஆசிரியர் கேட்ட கேள்விகளின் வகை. 'இது என்ன நிறம்?', 'இது என்ன?' என்று, கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்வியை அவர்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. 'இது எதைப் போல இருக்கிறது?' என்றுதான் கேட்பார்கள். ஆசிரியர்கள் அந்த ஊரின் படங்களைக் காட்டி, 'இங்கே என்ன நடக்கிறது? நீ அங்கே போயிருக்கிறாயா?' என்று தொடங்கியபோது குழந்தைகள் பேசினார்கள். பின்னர் பள்ளியின் கேள்வி முறையையும் கற்றுக்கொண்டார்கள்.

ராபர்ட் செர்ப்பெல் 1979இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு வேண்டியதே. ஜாம்பியக் குழந்தைகளுக்கும் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கும் ஒரே வடிவத்தைக் காட்டி, அதேபோல் செய்யச் சொன்னார். காகிதத்தில் வரையச் சொன்னால் இங்கிலாந்துக் குழந்தைகள் முந்தினார்கள். கம்பியை வளைத்துச் செய்யச் சொன்னால் ஜாம்பியக் குழந்தைகள் முந்தினார்கள்; அங்கே கம்பியில் வண்டி செய்து விளையாடுவது பிள்ளைகளின் வழக்கம். களிமண்ணில் இரண்டு தரப்பும் சமம். காகிதத்தேர்வு மட்டும் வைத்திருந்தால் ஜாம்பியக் குழந்தைக்கு வடிவமே புரியவில்லை என்று எழுதியிருப்போம்.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். ஏன் தாமதம் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் எங்கள் வகுப்பாசிரியை, "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வாய், வரிசையாகச் சொல்லு" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. "தம்பிய அங்கன்வாடில விட்டுட்டு வரணும் டீச்சர். அது தொறந்தாத்தானே விட முடியும்?" அங்கன்வாடி உதவியாளர் அக்கா அதே தெருவில் இருப்பவர். தலைமையாசிரியர் போய்ப் பேசினார். குழந்தையைக் காலையில் தன் வீட்டிலேயே வாங்கிக்கொண்டு, நேரமானதும் தானே அழைத்துப் போவதாக அந்த அக்கா சொன்னார். மறுவாரத்திலிருந்து அந்த மாணவி இறைவணக்கத்துக்கு நிற்கிறாள். தம்பிக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, அழுகை எதற்கென்று அறிந்து வளர்த்த அந்தப் பெண்ணிடம் பொறுப்பில்லை என்று யார் சொல்ல முடியும்? அதே சமயம் அந்தப் பொறுப்பு அவளுடைய படிப்பைத் தின்றுவிடவும் கூடாது. வழக்கத்தைப் புரிந்துகொள்வதும், குழந்தையின் கல்வி உரிமையைக் காப்பதும் இரண்டுமே நம் வேலை.

ஆகவே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, ஒன்றாம் வகுப்பில் பேசாத குழந்தையைப் பற்றி முடிவு எழுதுவதற்கு முன், கேள்வியின் வகையை மாற்றிப் பாருங்கள். விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வியை விட்டு, அதன் வீடு, ஆடு, தெரு பற்றி உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். மூன்று மாதமாவது பொறுத்துப் பாருங்கள். கேட்கும் திறனிலோ பார்வையிலோ ஐயம் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ சேர்க்கைக்கோ வரும் பெற்றோரிடம், "இவனுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்காமல், "வீட்டில் இவன் தானாக என்ன செய்வான்? இவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேளுங்கள். பாட்டியா, அக்காவா, பக்கத்து வீட்டு அத்தையா என்று தெரிந்தால், யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசியம்.

மூன்றாவது, வாயால் சொல்வது ஒன்றை மட்டும் திறமையாகக் கொள்ளாமல், செய்து காட்டவும் வாய்ப்புக் கொடுங்கள். களிமண், கம்பி, கோலப்பொடி, விதைகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. எந்தக் குழந்தைக்கு எதில் கை பழகியிருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து எழுத்துக்கு அழைத்து வரலாம்.

ஒரு குழந்தை நம் வாசலுக்கு வருவதற்குள், அதை ஐந்து வருடம் யாரோ சுமந்திருக்கிறார்கள், தூங்க வைத்திருக்கிறார்கள், அழுதபோது ஓடி வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் நம் வேலையைத் தொடங்குவோம். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளையும் குழந்தைகள் சொன்ன பதில்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றைப் பகிர்ந்துகொள்ள அரை மணி நேரம் ஒதுக்கித் தருவதாக ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருக்கிறார்.